கும்பகோணத்திலிருந்து ஃப்ரீமாண்ட்: 38 மணி 45 நிமிடம்

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ பக்கத்து ஃப்ரீமாண்ட்டில் இருக்கும் தம்பிக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். அமெரிக்காவில் பிள்ளை பெறும் வீடுகளில் இப்போது இது ஒரு முறையாகவே ஆகிவிட்டது: முதல் ஆறு மாதம் பெண்ணின் அம்மா, அடுத்த ஆறு மாதம் பையனின் அம்மா. சம்பந்தியம்மா ஊர் திரும்பும் நாள் நெருங்கியதும் எங்கள் அம்மாவின் முறை வந்தது. அம்மாவுக்கு வயது 71. இரண்டு முழங்காலிலும் வலி. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இரவு ஒன்பது மணிக்கு இன்சுலின். சென்னையைத் தாண்டி அவள் போன தூரம் காசி மட்டும்தான். கொண்டுபோய் விட்டு மூன்று வாரம் இருந்துவிட்டு வருவதாக நான் ஒப்புக்கொண்டேன்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம்டி ஆகும்?" நான் கைபேசியில் சென்னை விமான நிலையத்துக்கும் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரத்தைத் தேடினேன். சுமார் 13,900 கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினேழே முக்கால் மணி என்று வந்தது. அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "காசிக்கு ரயில்ல அதைவிட ரெண்டு மடங்கு உட்கார்ந்திருக்கேனே" என்று அவள் நிம்மதியாகிவிட்டாள். அந்த எண்ணை நம்பி அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது. அது எப்படி வருகிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே பூமியின் வளைவின் மேல் மிகக் குறைந்த தூரத்தை எடுத்து, மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் என்று வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓர் அரை மணியைக் கூட்டிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் உண்டா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. எங்கள் பயணத்தின்போது அப்படி ஒரு விமானம் கிடையாது.

என் மகனின் உலக உருண்டையும் பூத்தொடுக்கும் நூலும்தான் எனக்கு வழியைப் புரிய வைத்தன. நூலின் ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கி இழுத்தோம். சுவரில் தொங்கும் தட்டையான படத்தைப் பார்த்தால் பசிபிக் கடலின் குறுக்கே நேராகப் போக வேண்டும்போலத் தோன்றும். நூலோ வங்கக் கடலைத் தொட்டு, இமயமலையைத் தாண்டி, சீனா, சைபீரியா வழியாக மேலே ஏறி, பெரிங் நீரிணைப் பக்கமாக அலாஸ்காவுக்குள் இறங்கியது. பிறகு துபாயிலிருந்து இழுத்துப் பார்த்தோம். துபாய் கிழக்குத் தீர்க்கரேகை 55, சான் பிரான்சிஸ்கோ மேற்கு 122. கூட்டினால் 177. பூமியை இரண்டாகப் பிளந்தால் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கம். அதனால் நூல் அநேகமாக வட துருவத்தின் மேலேயே போனது. "அப்போ உலகத்தோட உச்சியில ஏறி அந்தப் பக்கம் இறங்கறோமா?" என்றாள் அம்மா. ஆமாம், அதேதான்.

எந்த ஊர் வழியாகப் போவது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். துபாய் வழி என்றால் 2,900 கிலோமீட்டரும் 13,000 கிலோமீட்டரும், ஆக சுமார் 15,900. சிங்கப்பூர் வழி என்றால் 2,900 ப்ளஸ் 13,600, ஆக 16,500. ஃப்ராங்ஃபர்ட் வழி 7,600 ப்ளஸ் 9,150, ஆக 16,750. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அதைப் பிரிக்கும் விதத்தில் இருக்கிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ மாறினால் ஒரு சின்னத் துண்டு, அப்புறம் ஒரே மூச்சில் பதினைந்து பதினாறு மணி நேரம். ஃப்ராங்ஃபர்ட்டில் மாறினால் கிட்டத்தட்டச் சரிபாதி. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பாதி வழியில் எழுந்து நடமாடுவது நல்லது என்பது இன்று என் கருத்து. ஆனால் அம்மா திரும்பி வரும்போது தனியாக வர வேண்டும். தமிழ் பேசுபவர்கள் நிறைய இருக்கும் வழியாக, போகும்போது ஒருமுறை பார்த்த இடமாக இருந்தால் அவளுக்குத் தைரியம். அதற்காகத் துபாயைத் தேர்ந்தெடுத்தேன். பெங்களூருவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா 2021 ஜனவரியில் நேர் விமானம் தொடங்கியதும், பெண் விமானிகள் மட்டுமே அதன் முதல் பயணத்தை வட துருவம் வழியாக ஓட்டி வந்ததும் அம்மாவுக்குத் தெரியும். அதில் போகலாமே என்று ஆசைப்பட்டாள். கும்பகோணத்திலிருந்து பெங்களூரு போய்ச் சேர்வதே ஒரு முழு நாள் என்பதால் விட்டுவிட்டோம்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆரில் இருக்க வேண்டும். 2017-ல் தம்பியின் கல்யாணத்துக்குப் பிறகு நான் தனியாக அங்கே போனபோது, பதினெட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கினேன். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். மாறும் ஊரில் இறங்கும்போது இரண்டாவது விமானம் போய்விட்டது. முதல் நிறுவனம், "உங்கள் பயணம் எங்களிடம் இந்த ஊரோடு முடிந்தது" என்றது. இரண்டாவது நிறுவனம், "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை" என்றது. சட்டப்படி இரண்டு பேர் சொன்னதும் சரி. அன்று புதிதாக வாங்கிய டிக்கெட்டின் விலை, மிச்சம் பிடித்ததைப்போல நாலு மடங்கு. ஒரே பிஎன்ஆர் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் கடைசி ஊர்வரை போய்விடும். பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அது எஸ்எஃப்ஓ. இன்னொன்று, அமெரிக்காவுக்குள் வேறொரு ஊரில் இறங்கி மாறிப் போகிறீர்கள் என்றால், முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவுச் சோதனை உண்டு. பெட்டியையும் அங்கே எடுத்து மறுபடி போட வேண்டும். வயதானவர்களை அந்த வேலைக்கு விடாதீர்கள். பிள்ளை இருக்கும் ஊரிலேயே போய் இறங்கும் டிக்கெட்டாகப் பாருங்கள்.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் நிறைய நள்ளிரவுக்குப் பிறகுதான் கிளம்பும். எங்கள் டிக்கெட்டில் இருந்தது 2024 ஜூன் 13, அதிகாலை 3.50. அதாவது 12-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எங்கள் சித்தப்பா ஒருமுறை 13 என்று பார்த்துவிட்டு 13-ஆம் தேதி இரவு போய் நின்றார். விமானம் போய் இருபது மணி நேரம் ஆகியிருந்தது. அதனால் நான் காலண்டரில் 12-ஆம் தேதியைத்தான் வட்டம் போட்டேன். அது புதன்கிழமை, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகு காலம். அது கழிந்து இரண்டரை மணிக்குக் கிளம்பினோம்.

பெட்டி கட்டும்போது ஒரு சண்டை. அம்மா கொல்லையில் பறித்த கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அந்தக் குடும்பத்து மரங்களுக்கு நோய் பரப்பும் ஒரு சின்னப் பூச்சி அதன் இலையிலும் தொற்றி வரும். கலிபோர்னியாவில் ஆரஞ்சும் எலுமிச்சையும் பெரிய விவசாயம். இதைச் சொன்னதும் அம்மா, "அவங்க தோட்டம் நம்மால கெட வேண்டாம்" என்று தானே எடுத்து வெளியே வைத்துவிட்டாள். பருப்புப் பொடி, வத்தல், மாவடு ஊறுகாய் எல்லாம் போயின. சாப்பிடும் பொருள் என்ன இருந்தாலும் கேட்கும்போது இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் பெரும்பாலும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், மீறிப்போனால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் அபராதம்.

இன்சுலினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தூக்கம் கெட்டது இதில்தான். கலிபோர்னியாவுக்கும் நமக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இரவு ஒன்பதுக்குப் போடும் ஊசியை எந்த ஒன்பதுக்குப் போடுவது? பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் விமான நேரங்களைப் பார்த்து, எப்போது சாப்பாடு, எப்போது ஊசி, எப்போது விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வழி முழுவதும் சென்னை நேரப்படி, போய்ச் சேர்ந்த பிறகு அங்கத்திய நேரத்துக்கு மாறுவது எப்படி என்பது தனி வரியாக. அது அம்மாவுக்கு எழுதியது. உங்கள் வீட்டில் உள்ளவருக்கு அவருடைய டாக்டர்தான் எழுத வேண்டும். நான் பொதுவாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், விமானத்தின் அடிவயிற்றில் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம். கைப்பையில், டாக்டர் சீட்டோடு இருக்கட்டும். மாத்திரைகளையும் பயணக் கணக்குக்கு மேல் ஐந்தாறு நாளைக்குக் கூடுதலாகக் கையிலேயே வையுங்கள். 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஒரு விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கி, பயணிகள் மாற்று விமானம் வரும்வரை ஒரு நாளுக்கு மேல் அங்கே தங்க நேர்ந்தது. மருந்து பெரிய பெட்டியில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன்.

அம்மாவின் பழைய எச்எம்டி கைக்கடிகாரம் சென்னை நேரத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். என் கைபேசி அந்தந்த ஊர் நேரத்தைக் காட்டும். அம்மாவின் மணிக்கட்டு மட்டும் கும்பகோணத்தில் இருக்கும். இவ்வளவு எளிய ஏற்பாடு எல்லாக் குழப்பத்தையும் தீர்த்தது.

துபாய்வரை நாலு மணி பத்து நிமிடம். வீல்சேர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், விமானத்தின் வாசலிலேயே ஒருவர் காத்திருந்தார். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுவது நல்லது. இரண்டு நாளைக்கு முன் மறுபடி ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நடக்க முடிகிறதே, எதற்கு என்று பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். அந்த நிலையத்தின் நீளத்தை ஒருமுறை பார்த்தால் கூச்சம் போய்விடும். எங்களுக்கு இடையில் இருந்தது இரண்டு மணி இருபது நிமிடம். வீல்சேர் கேட்டவர்களை இறக்கிவிடுவது கடைசியில்தான், அதனால் அந்த நேரமும் சரியாகத்தான் இருந்தது. தனியாக வருபவர்களுக்கு மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள்.

பிறகு அந்தப் பதினாறு மணி நேரம். துபாயில் காலை 8.50-க்குக் கிளம்பி, ஈரான், காஸ்பியன் கடலோரம், ரஷ்யா என்று வடக்கே வடக்கே ஏறினோம். முன் இருக்கைத் திரையில் வேகம் 890, 900 என்று ஓடியது. வெளியே மைனஸ் 50-க்கும் கீழே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவை எழுப்பி நடக்க வைத்தேன். நடைபாதை ஓரத்து இருக்கையை முன்பே கேட்டு வாங்கியிருந்தது இதற்காகத்தான். அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. டாக்டர் சொல்லியிருந்த இறுக்கமான காலுறை போட்டிருந்தாள்.

அம்மாவின் கடிகாரத்தில் ஆறு மணி ஆனபோது ஜன்னல் திரையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தோம். கண்ணைக் கூசும் வெயில். கீழே உடைந்த பனிக்கட்டிப் பரப்பு, நடுநடுவே கறுத்த நீர்க்கோடுகள். வரைபடத்தில் துருவத்துக்கு இன்னும் ஆயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. "வெளக்கு வைக்கற நேரம்டி. இங்க எப்போ வைப்பாங்க?" என்று கேட்டாள். இங்கே இன்னும் மூன்று மாதத்துக்கு அந்தி கிடையாது அம்மா என்றேன். அவள் கண்ணை மூடிக் கையைக் கூப்பிச் சற்று நேரம் இருந்தாள். என் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லாமல் விட்டாலும் அந்தக் காட்சியைச் சொல்லாமல் விடமாட்டேன். இரவு ஒன்பது மணி ஊசியும் அந்த வெயிலிலேயே, கனடாவின் வடகோடிக்கு மேலே. ஊசிக்குப் பிறகு, கையோடு கொண்டுபோன தயிர்சாதம். காலை சாப்பாட்டைத்தான் விமானத்தில் கொடுப்பதைச் சாப்பிட வைத்தேன்.

சான் பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது அங்கே ஜூன் 13 மதியம் 1.50. அம்மாவின் கடிகாரத்தில் மறுநாள் அதிகாலை 2.20. குடிநுழைவு அதிகாரி எதற்கு வந்தீர்கள், எவ்வளவு நாள் என்று கேட்டார். பேரனைப் பார்க்க, ஐந்து மாதம் என்று சொன்னோம். இங்கே பலர் தவறு செய்கிறார்கள். விசா பத்து வருடத்துக்கு இருந்தாலும் ஒவ்வொரு முறையும் எதுவரை தங்கலாம் என்று அதிகாரி தேதி கொடுப்பார், அதுதான் கணக்கு. அம்மாவுக்கு ஆறு மாதம் கொடுத்தார். அன்று இரவே தம்பி அந்தத் தேதியை இணையத்தில் பார்த்து அச்சிட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டான்.

சான் மேட்டியோ பாலத்தைத் தாண்டி ஃப்ரீமாண்ட் வீட்டு வாசலில் கார் நின்றபோது மாலை 4.45. சென்னையில் வெள்ளிக்கிழமை விடியற்காலை 5.15. கும்பகோணத்து வாசலைப் பூட்டியதிலிருந்து 38 மணி 45 நிமிடம். பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஆகாயத்தில் இருந்தது 20 மணி 10 நிமிடம். மீதி 18 மணி 35 நிமிடம் தரையில்: திண்டிவனம் சாலையில், மீனம்பாக்கத்து நாற்காலியில், துபாய் வரிசையில், பெட்டி வரும் பட்டையின் பக்கத்தில். இணையத்தில் கிடைத்த அந்த எண்ணில் இந்தப் பாதி இல்லவே இல்லை. அம்மாவின் கால் வீங்கியது விமானத்தில் இல்லை. மீனம்பாக்கத்தில் ஐந்து மணி நேரம் உட்கார வைத்ததில்தான். அடுத்த முறை முந்தின நாளே சென்னைக்கு வந்து, உறவினர் வீட்டில் மதியம் படுக்க வைத்து, இரவு பதினொன்றரைக்குக் கிளம்பினால் போதும். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

உடம்பு அந்த ஊர் நேரத்துக்குத் திரும்ப அவளுக்குப் பத்து நாள் ஆனது, எனக்கு ஆறு. முதல் வாரம் நடு இரவு இரண்டு மணிக்கு எழுந்து, பேரனும் விழித்திருந்தால் அவனோடு பேசிக்கொண்டிருப்பாள். மருமகள் அந்த வாரம்தான் நன்றாகத் தூங்கினேன் என்றாள். காலை வெயிலில் அம்மாவை நடக்கக் கூட்டிப்போனதும், மதியம் முக்கால் மணிக்கு மேல் தூங்கவிடாததும் உதவியது.

நவம்பரில் அம்மா தனியாகத் திரும்பினாள். நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுகிறார்கள். வித்தியாசம் பதின்மூன்றரை மணியாகிவிடும். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. ஊசி நேரத்தை டாக்டரிடம் மறுபடி கேட்டோம். தம்பி ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கழுத்தில் மாட்டிவிட்டான்: பெயர், விமான எண்கள், சர்க்கரை நோயாளி, எங்கள் இருவர் தொலைபேசி எண். புதன் மாலை கிளம்பியவள் வெள்ளி அதிகாலை மீனம்பாக்கத்தில் இறங்கினாள். வியாழக்கிழமை முழுவதும் அவளுக்கு ஆகாயத்திலேயே போய்விட்டது. துபாய்வரையான பறப்பு, போனதைவிட அரை மணிக்கும் மேல் குறைவு. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பலத்த காற்று குளிர்காலத்தில் இன்னும் வேகமெடுக்கும். அது பின்னாலிருந்து தள்ளினால் நேரம் குறையும், எதிரே வந்தால் கூடும். ஒரே இரண்டு ஊர், ஒரே தூரம், ஆனால் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

எதிர்வீட்டு மாமி வரும் மார்ச்சில் நியூஜெர்சி போகிறார். போன வாரம் வந்து, "பதினாறு மணி நேரம்தானாம், பையன் சொன்னான்" என்றார். அம்மா உள்ளே போய், டாக்டர் எழுதிக் கொடுத்த தாளையும் கழுத்தில் மாட்டிய அட்டையையும் எடுத்து வந்து மாமியின் முன்னால் வைத்தாள். "அதை விடுங்க. உங்க வாசல்ல பூட்டுப் போடறதுல ஆரம்பிச்சு எண்ணுங்க. ரெண்டு ராத்திரி, அஞ்சு வேளை சாப்பாடு. முதல்ல வீல்சேர் சொல்லியாச்சானு பையனைக் கேளுங்க." மாமி பையனுக்கு அங்கிருந்தே போன் போட்டார். அங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும் என்று அம்மா தன் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.